ராத்திரி மூணு மணிக்கு யார் முழிச்சிருக்கா?

வங்கியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான விடுமுறை உண்டு. முக்கியமான ஸீட்டில் இருக்கும் ஆபீஸரை வருஷத்தில் ஒருமுறை, தொடர்ந்து பத்து வேலை நாட்கள், முன்கூட்டியே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிடவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. நாம் பாசத்தில் அனுப்பப்படுவதில்லை. நாம் இல்லாத நேரத்தில் இன்னொருவன் நம் மேஜையில் உட்கார்ந்து, நாம் ஏதாவது தில்லுமுல்லு செய்திருந்தால் கண்டுபிடிப்பான். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

போன பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு அந்த ஓலை வந்தது. நாளை முதல் வராதே. ஆபீஸ் மெயிலைத் தவிர வேறு எதையும் தொடாதே.

ஆண்டாப் ஹில் வீட்டில் தங்கமணிக்கு ஸ்கூல், பையனுக்குப் பரீட்சை. பத்து நாள் நான் வீட்டில் இருந்தால் மூன்று பேருக்கும் ஆபத்து. அப்போதுதான் செம்பூர் நண்பர் ஒருத்தர், எனக்கு டைவிங்கில் ஜோடி, போன் செய்தார். "அண்ணாச்சி, மாலத்தீவுல ஒரு படகுல கடைசி நேரத்துல ரெண்டு இடம் காலியா இருக்கு. ஏழு ராத்திரி. வாறீகளா?"

(எல்.எஃப்.சி.யில் போகலாமே என்று யோசிக்கும் சக வங்கி ஊழியர்களுக்கு: வெளிநாட்டுப் பயணத்துக்கு அந்த வரிவிலக்கு கிடையாது என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. என் கைக்காசு. டிக்கெட், வாடகைச் சாமான் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைத் தொட்டது. தங்கமணிக்குச் சொன்ன தொகை வேறு. :-) )

தூத்துக்குடிக்கு போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். "ஏல, ஊர்ல இருக்கும்போது கடலுக்குப் போவாதன்னு அடிச்சு வளத்தேன். இப்ப துட்டு குடுத்துப் போறியாக்கும்?" என்றாள். நியாயமான கேள்வி.

கொஞ்சம் கொசுவத்தி சுற்றிவிடுகிறேன். தூத்துக்குடியில் பிறந்தவனுக்கு முப்பத்தெட்டு வயசு வரை நீச்சல் தெரியாது. செம்பூர் முனிசிபாலிட்டி நீச்சல் குளத்தில், எட்டு வயசுப் பொடிசுகளுக்கு நடுவே தண்ணீர் குடித்துக் கற்றுக்கொண்டேன். பிறகு குடும்பத்தோடு அந்தமான் போனபோது ஹேவ்லாக்கில் (2018 டிசம்பரிலிருந்து அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர்) ஸ்கூபா பயிற்சி. முதல் சான்றிதழுக்கு 18 மீட்டர் வரை போகலாம். அடுத்ததற்கு 30 மீட்டர். அவ்வளவுதான் நம் தகுதி. ஆகவே டைவிங் நிபுணன் பேசுகிறான் என்று யாரும் நினைக்கவேண்டாம். கடனுக்கு விண்ணப்பித்தால் இருபது பேப்பர் கேட்கும் ஒரு பி.காம். பேசுகிறான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. சாதாரணமாக டைவிங் போகிறவர்கள் கரையில் அறை எடுத்துத் தங்கி, தினமும் காலையில் படகில் போய், மதியம் திரும்பிவிடுவார்கள். நான் சொல்லும் படகில் தூக்கம், சாப்பாடு, குளியல் எல்லாம் அதிலேயே. ராத்திரி ஓரிடத்தில் நங்கூரம், காலையில் வேறிடம். ஒரு வாரம் கரையில் குடித்தனம் கிடையாது. மாலத்தீவில் இதை சஃபாரி படகு என்பார்கள். நம் கூடவே சின்னப் படகு ஒன்று வரும். சிலிண்டர்கள், காற்று நிரப்பும் கம்ப்ரசர் எல்லாம் அதில்தான். அதற்குப் பெயர் 'தோணி'! நம்மூர்ச் சொல்தான். தூத்துக்குடித் தோணிகள் இன்றைக்கும் காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலே போகின்றன. என் ஊர்க்காரர்கள் வெங்காய மூட்டையோடு போகும் இடத்துக்கு நான் முதுகில் சிலிண்டரோடு போனேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஏறின அன்று சாயங்காலம் எல்லோரும் மேல்தட்டில் ஜூஸ் குடித்துக்கொண்டு சூரிய அஸ்தமனத்தைப் போட்டோ எடுத்தார்கள். நான் கீழே போய் படிகளை எண்ணினேன். நண்பருக்கு மானம் போனது. "பேங்க்ல இன்ஸ்பெக்‌ஷன் பண்றதுபோல இங்கேயுமா அண்ணாச்சி?"

எண்ணியதற்குக் காரணம் உண்டு.

2019 செப்டம்பர் 2. அமெரிக்காவில் கலிஃபோர்னியா கரைக்கு அப்பால், சான்டா குரூஸ் தீவின் பக்கத்தில் 'கான்செப்ஷன்' என்கிற டைவிங் படகு நங்கூரமிட்டு நின்றது. 75 அடி நீளம், மரப்படகு. லேபர் டே நீண்ட வார இறுதிக்காக வந்த 33 பயணிகளும் ஒரு ஊழியரும் கீழ்த்தட்டுப் படுக்கை அறையில் தூங்கினார்கள். காப்டனும் மற்ற நாலு ஊழியர்களும் மேலே தூங்கினார்கள். விடியற்காலை மூன்று மணி வாக்கில் நடுத்தட்டில், அதாவது சாப்பாட்டுக் கூடம் இருக்கும் தட்டில், தீ. மேலே இருந்த ஐந்து பேரும் குதித்துத் தப்பித்தார்கள். கீழே இருந்த 34 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அவர்களில் ஓர் இந்தியத் தம்பதியும் உண்டு.

கீழ் அறையிலிருந்து வெளியேற இரண்டு வழி இருந்தது. ஒன்று படிக்கட்டு. இன்னொன்று ஒரு படுக்கைக்கு மேலே கூரையில் இருந்த அவசரத் திறப்பு. சட்டத்துக்கு இரண்டு வழி காட்டியாயிற்று, டிக் அடித்தாயிற்று. ஆனால் இரண்டுமே போய்த் திறப்பது ஒரே கூடத்தில். அந்தக் கூடம்தான் எரிந்துகொண்டிருந்தது.

அந்த வரியை முதலில் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது நம் லாக்கர் அறை. அந்தப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று ஒரு ஆபீஸரிடம், இன்னொன்று வேறொருவரிடம். இரண்டு சாவியையும் ஒரே டிராயரில் வைத்துவிட்டு "ஸார், இரட்டைச் சாவி முறை நடைமுறையில் இருக்கிறது" என்று ரிப்போர்ட் எழுதினால் எப்படியிருக்கும்? (எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு கதை.)

தீ எதனால் பிடித்தது என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. படகெல்லாம் எரிந்து மூழ்கிவிட்டதே. படகின் மின்வயர்களாக இருக்கலாம், யாரும் பார்க்காமல் சார்ஜில் கிடந்த பேட்டரிகளாக இருக்கலாம், அணைக்காத சிகரெட்டாக இருக்கலாம் என்று 2020-ல் எழுதினார்கள். ஆனால் ஏன் அத்தனை பேர் செத்தார்கள் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. ராத்திரி சுற்றிவரும் காவல் ஆள் இல்லை. இருக்கவேண்டும் என்று விதி இருந்தது. ஆளைப் போடவில்லை. யாராவது ஒருத்தர் விழித்திருந்து, அரைமணிக்கு ஒருதரம் அந்தக் கூடத்தை எட்டிப் பார்த்திருந்தால் போதும். காப்டனுக்கு 2024 மே மாதம் நாலு வருஷம் சிறைத்தண்டனை கிடைத்தது.

இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் படி எண்ணினேன். எங்கள் படகில் கீழ்த்தட்டில் ஆறு அறை, நடுவே ஒரு நடை, நடையின் கோடியில் படிக்கட்டு. ஏறினால் சாப்பாட்டுக் கூடம். இரண்டாவது வழி எங்கே என்று பொறுப்பாளரைக் கேட்டேன். ரொம்பத் தங்கமான மனுஷர், முகத்தில் சிரிப்பு மாறாது. முன்கோடி அறையின் கூரையில் ஒரு திறப்பு இருக்கிறது, அது முன்தட்டுக்குப் போகிறது என்றார். நல்ல அமைப்புதான், கூடத்துக்குப் போகாத வழி. ஆனால் அந்த அறையில் தங்கியிருப்பவர்கள் ராத்திரி உள்ளே தாழ் போட்டுக்கொள்வார்கள். மேலே போய்ப் பார்த்தேன். திறப்பின் மூடி மேல் வெயில் காய்கிற தடிமனான மெத்தை. அதன்மேல் ஒருத்தர் படுத்துக்கொண்டு புத்தகம் படித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒரு மேஜை. அதில் நீளமான மல்டி பிளக். காமிரா, டார்ச், போன் என்று எல்லா பேட்டரியும் ராத்திரி முழுக்க அங்கேதான் சார்ஜ். படிக்கட்டிலிருந்து நாலு அடி.

நண்பரிடம் சொன்னேன். அவர் ஒரு மும்பைக்காரர் சொல்லவேண்டியதைச் சரியாகச் சொன்னார். "தினம் காலைல ஜி.டி.பி. நகர்ல ஹார்பர் லைன்ல தொங்கிட்டுப் போறீக. நம்ம லோக்கல் ரயில் தண்டவாளத்துல வருஷத்துக்கு ரெண்டாயிரம் பேருக்கு மேல சாவுறான். அதுக்கு பயப்படாத ஆளு, இங்க வந்து மெத்தையத் தூக்கிப் பாக்கறீகளே?"

இந்தக் கேள்வி நியாயமானது என்பதால் ஒதுக்கிவிட முடியவில்லை. இரண்டு நாள் மண்டையில் ஓடியது. எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: லோக்கலில் நான் கண்ணைத் திறந்துகொண்டு தொங்குகிறேன். கம்பியைப் பிடிப்பது என் கை, விடுவதும் என் கை. படகில் தூங்கும்போது என் கையில் ஒன்றுமே இல்லை. முழுக்க இன்னொருத்தர் பொறுப்பில் விட்டுவிட்டுப் படுக்கிறேன். அப்படிப் படுக்கும்போது அந்த இன்னொருத்தர் யார் என்று கேட்பதற்குப் பெயர் பயம் அல்ல.

கடலுக்கடியில் எப்படி என்று பாருங்கள். அங்கே எல்லாமே இரண்டு. மூச்சு விடும் குழாய் வாயில் ஒன்று, பக்கவாட்டில் மஞ்சள் நிறத்தில் இன்னொன்று, ஜோடிக்குக் காற்று தீர்ந்தால் கொடுப்பதற்கு. ஆளே இரண்டு, தனியாக யாரும் இறங்கக்கூடாது. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்று மணிக்கட்டில் ஒரு கம்ப்யூட்டர் கணக்கு வைக்கிறது. வேகமாக ஏறினால் கத்துகிறது. ஏறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்று, ரத்தத்தில் கரைந்த நைட்ரஜனை வெளியே விட்டுவிட்டுத்தான் தலையைத் தூக்கவேண்டும். மாலத்தீவு அரசாங்கம் பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர் என்று சட்டமே போட்டிருக்கிறது. கடைசி டைவ் முடிந்து விமானம் ஏறுவதற்குள் 18 மணி நேரமாவது ஆகியிருக்கவேண்டும். எங்கள் படகில் 24 மணி நேரம் என்று வைத்திருந்தார்கள். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கோ யாரோ செத்திருக்கிறார்கள், அல்லது முடமாகியிருக்கிறார்கள். இவ்வளவும் ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு. மீதி இருபத்தோரு மணி நேரம் இருக்கும் படகுக்கு ஒரே ஒரு படிக்கட்டு!

முன்பதிவு செய்யும்போது என்ன கேட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். சைவச் சாப்பாடு உண்டா? ஏ.ஸி. உண்டா? திமிங்கலச் சுறா தெரியுமா? ஐந்து லட்ச ரூபாய் கடனுக்கு வந்தவரை நாலு தடவை நடக்கவைக்கிற ஆபீஸர், தன் உசிரை ஒப்படைக்கும்போது கேட்ட கேள்விகள் இவை. வெட்கமாக இருந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை. மூன்று மணிக்கு எழுந்து மேலே போனேன். கூடத்தில் யாருமில்லை. மூலை மேஜையில் பச்சையும் சிவப்புமாகச் சின்ன விளக்குகள். ஒரு சார்ஜரைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. மேல்தட்டில் காப்டன் அறைக் கதவு சாத்தியிருந்தது. பின்தட்டில் ஊழியர்கள் வரிசையாகப் பாய் விரித்துத் தூங்கினார்கள். படகு மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. இருபத்து சொச்சம் பேர் இருக்கும் படகில் விழித்திருந்த ஒரே ஆள், மும்பையில் கடன் பைல் பார்க்கிற நான்.

அப்போது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. தூத்துக்குடியில் முத்துக்குளித்த காலத்தில், தண்ணீருக்குள் போகிறவரின் கயிற்றை மேலே படகில் ஒருத்தர் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை அசைத்தால் உடனே இழுக்கவேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்கள் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அண்ணன் தம்பியைக்கூட நம்பமாட்டார்கள், சொத்துப் பங்கு இருக்கிறதே! மனைவியின் கூடப்பிறந்தவன் என்றால் அக்கா தங்கச்சி தாலிக்காகவாவது கண் அசரமாட்டான். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. எனக்கு அது அம்மா சொன்ன கதை மட்டும். ஆனால் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவர்களைச் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். காற்றுக்கு ஒரு கம்ப்ரசர், அதிலிருந்து ஒரு நீளமான டியூப், அவ்வளவுதான். சான்றிதழ் கிடையாது, மணிக்கட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. பலர் கைகால் விளங்காமல் போயிருக்கிறார்கள். அவர்கள் படும் பாட்டை ஒரு தனிப் பதிவாகத்தான் எழுதவேண்டும். ஆனால் அங்கேகூட டியூபைப் பார்த்துக்கொள்ள மேலே ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவர் தூங்கமாட்டார்.

ஒரு வாரத்துக்கு ஒன்றரை லட்சம் வாங்கும் படகில் அந்த மச்சான் இல்லை.

மறுநாள் காலை டைவ் முடிந்து, தோணியில் சிலிண்டர் அடுக்கிக்கொண்டிருந்த பையனிடம் ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். பங்களாதேஷ்காரன், இருபத்திரண்டு வயசு இருக்கும். ராத்திரி யாராவது முழித்திருப்பீர்களா என்றேன். அவன் சொன்னது: "ஸார், கடைசி சிலிண்டர் நிரப்பி முடிக்க பதினொன்றாகும். காலை ஐந்தரைக்கு என்ஜின் போடணும். எப்போ முழிச்சிருக்க?" அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணக்குப் போட்டேன், நமக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. பதினெட்டு பயணிகள், ஆளுக்கு ஒன்றரை லட்சம் என்று வைத்தால் ஒரு வாரத்துக்கு 27 லட்சம். டீசல், சாப்பாடு, சம்பளம், வரி, ஏஜென்ட் கமிஷன் எல்லாம் போகட்டும். ராத்திரி மட்டும் விழித்திருந்து பகலில் தூங்குவதற்கு இன்னும் ஒரே ஒரு ஆள். தலைக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கூடுதலாகக் கேட்டால் கொடுக்கமாட்டோமா? கொடுப்போம். ஆனால் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்கிறோமா என்றுதான் அவர்களும் பார்க்கிறார்கள். மசாஜ் வேண்டும் என்று கேட்டோம், சில படகுகளில் அதற்கு ஆள் போட்டுவிட்டார்கள்.

பொறுப்பாளரிடம் போனேன். குற்றம் சொல்கிற தொனி வராமல் மூன்று விஷயம் கேட்டேன். மெத்தையை நகர்த்தலாமா, சார்ஜ் மேஜையை மேலே திறந்தவெளித் தட்டுக்கு மாற்றலாமா, ராத்திரி ஒருத்தரை உட்காரவைக்கலாமா. இத்தனை வருஷத்தில் ஒன்றும் நடந்ததில்லை என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. வாராக்கடன் ஆகும் ஒவ்வொரு கணக்கிலும் முதல் நாள் கேட்கிற வாக்கியம் அது!

சாப்பாட்டு மேஜையில் பேச்சு பரவியது. "அங்கிள் பயந்துட்டார்" என்று பூனாவிலிருந்து வந்த இளவட்டம் இரண்டு சிரித்தது. ஹாலந்திலிருந்து வந்த ரிடையர்ட் ஸ்கூல் டீச்சர் ஒரு அம்மா மட்டும் தட்டை வைத்துவிட்டு, "அந்தத் திறப்பு எங்கே, காட்டுங்கள்" என்று எழுந்தார். முன்கோடி அறை அவருடையதுதான். தன் படுக்கைக்கு மேலே இருப்பது ஏதோ காற்றுப்போக்கி என்று மூன்று நாளாக நினைத்துக்கொண்டிருந்தாராம். அன்றிலிருந்து அவர் அறைக் கதவைத் தாழ் போடவில்லை.

மெத்தை நகர்ந்தது. மேஜையும் மேலே போனது. பையன்கள் இரண்டு மணி நேர முறை வைத்து விழித்திருப்பார்கள் என்று சொன்னார்கள். ஐந்தாம் நாள் ராத்திரி மூன்று மணிக்குப் போய்ப் பார்த்தேன் (ஆடிட்டர் புத்தி எங்கே போகும்). பங்களாதேஷ் பையன் பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரில் தலை சாய்த்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனசு வரவில்லை. அன்றைக்கு அவன் ஐம்பத்து சொச்சம் சிலிண்டர் தூக்கியிருந்தான். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு, விடியும்வரை நானே உட்கார்ந்திருந்தேன். காலை டைவுக்கு நான் இறங்கவில்லை. தூக்கம் இல்லாமல் இறங்குவது தப்பு.

கடலைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். சொல்கிறேன். வாவு அட்டோலில் அலிமதா என்கிற இடத்தில் ராத்திரி டைவ். டார்ச் வெளிச்சத்தில் ஆளுயரத்துக்கு மேல் இருக்கும் நர்ஸ் சுறாக்கள் மாட்டுத் தொழுவம் மாதிரி நம்மை இடித்துக்கொண்டு போகும். முதல் ஐந்து நிமிஷம் குலதெய்வம் எல்லாம் ஞாபகம் வந்தது. அப்புறம் பயமே இல்லை. சுறா பிடிப்பதையே 2010-ல் தடை செய்துவிட்ட நாடு. சுறா ஆளைப் பார்த்து ஓடுவதும் இல்லை, துரத்துவதும் இல்லை. தெற்கு அரி அட்டோலில் மாமிகிலி பக்கம் திமிங்கலச் சுறா. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, பெஸ்ட் பஸ் ஒன்று மெதுவாக ஸ்டாண்டைவிட்டுக் கிளம்பின மாதிரி பக்கத்தில் போனது. தண்ணீருக்குள் அழ முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணாடிக்குள் தேங்கும், அவ்வளவுதான். இதைப் பார்க்காமல் சாகக்கூடாது என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போகாதீர்கள் என்று எழுதவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

போங்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் கேளுங்கள். கீழே தூங்கும் இடத்திலிருந்து இரண்டாவது வழி எங்கே போய்த் திறக்கிறது, ராத்திரி விழித்திருக்கிறவர் அடுத்த நாள் பகலில் என்ன வேலை செய்வார். இரண்டாவது கேள்வி முக்கியம். பகலெல்லாம் சிலிண்டர் தூக்குகிறவர்தான் ராத்திரிக் காவலும் என்றால், காவல் இல்லை என்று அர்த்தம்.

இது அமெரிக்காவில் ஒருமுறை நடந்த கதை என்றும் விட்டுவிட முடியாது. எகிப்தின் செங்கடலில் 2023 ஜூன் 11 அன்று 'ஹரிகேன்' என்ற டைவிங் படகு எரிந்து, மூன்று பிரிட்டிஷ் பயணிகள் இறந்தார்கள். 2024 நவம்பர் 25 விடியற்காலை அதே செங்கடலில் 'ஸீ ஸ்டோரி' கவிழ்ந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். 11 பேர் வீடு திரும்பவில்லை. மறுநாள், கவிழ்ந்து மிதந்த படகின் வயிற்றுக்குள்ளிருந்து ஐந்து பேரை உயிரோடு எடுத்தார்கள். அந்த ஒரு பகல் ஒரு இரவு அவர்கள் இருட்டில் என்ன நினைத்திருப்பார்கள் என்று என்னால் யோசிக்க முடியவில்லை. பெரும்பாலோர் அறைகளில் தூங்கிக்கொண்டிருந்த நேரம் அது. சுறா யாரையும் கொல்லவில்லை, காற்றுத் தீர்ந்தும் யாரும் சாகவில்லை.

அப்புறம் பணம். கான்செப்ஷன் எரிந்த மூன்றாவது நாள், உடல்களை எல்லாம் இன்னும் எடுத்து முடிக்காதபோதே, உரிமையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1851-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று. விபத்துக்குப் பிறகு கப்பலின் மதிப்பு எவ்வளவோ, அந்த அளவுக்குத்தான் உரிமையாளர் நஷ்டஈடு தரவேண்டும் என்று அதில் கேட்கலாம். எரிந்து மூழ்கின படகின் மதிப்பு என்ன? பூஜ்யம். டைட்டானிக் கம்பெனிக்காரர்களும் அமெரிக்காவில் இதே சட்டத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அடமானச் சொத்து எரிந்துபோனால் கடனும் எரிந்துபோச்சு என்று நம்மிடம் ஒருத்தர் வந்து சொன்னால் என்ன செய்வோம்? இறந்தவர்களின் குடும்பங்கள் அலைந்து திரிந்தபின், சின்னப் பயணிப் படகுகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2022 டிசம்பரில் திருத்தினார்கள். அலைந்த குடும்பங்களுக்கு அது பின்தேதியிட்டுக் கிடைக்கவில்லை.

நம் வீட்டு வாசலிலும் நடந்ததுதானே. 2024 டிசம்பர் 18, கேட்வேயிலிருந்து எலிபெண்டா போன 'நீல்கமல்' படகில், என்ஜின் சோதனை ஓட்டத்திலிருந்த கடற்படையின் வேகப்படகு வந்து மோதியது. 15 பேர் இறந்தார்கள். அனுமதித்ததைவிட அதிக ஆட்கள், பெரும்பாலோர் உடம்பில் லைஃப் ஜாக்கெட் இல்லை. மறுநாளே ஜாக்கெட் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. அதற்கு முன் நான் என் குடும்பத்தோடு அந்தப் படகுகளில் எத்தனை தடவை போயிருப்பேன்? ஊரிலிருந்து யார் வந்தாலும் எலிபெண்டாதான். மேல்தட்டுக்குப் பத்து ரூபாய் கூடக் கேட்டானே என்று சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறது. ஜாக்கெட் எங்கே என்று கேட்ட ஞாபகம் இல்லை.

மாலேயிலிருந்து திரும்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ராத்திரி பதினொன்றரை. எங்கள் பில்டிங்கில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். ஒன்றாவது மாடித் திருப்பத்தில் இரண்டு சைக்கிள். இரண்டாவதில் யாரோ கழித்துக்கட்டிய ஃப்ரிட்ஜ். மூன்றாவதில் செருப்பு ஸ்டாண்ட், அதன்மேல் துளசித்தொட்டி. சும்மா ஒரு ஆசைக்கு மொட்டைமாடி வரைக்கும் ஏறிப் பார்த்தேன். கிரில் கதவில் பூட்டு. தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குள் யாரோ துடைப்பம் வைத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி செக்ரட்டரியைப் பார்க்கப் போனேன். மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். வாட்ச்மேனிடம் என்றார். வாட்ச்மேன் ராத்திரி எங்கே தூங்குவார் என்றேன். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார். டீ கொடுத்தார். பிறகு அவர் பையன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அங்கிள், சுறாவைப் பார்த்தீங்களாமே, பயமா இருந்துச்சா?" என்று கேட்டான்.